பன்னிரண்டு மைக்ரான்

ராணிப்பேட்டை சிப்காட். கத்திரி தொடங்கி நான்காம் நாள்.
துளை நாற்பது, இம்மியும் பிசகில்லை
என்கிறது என் மெஷினின் ப்ரோப்.
ஏசி அறையிலிருந்து ஷபீனா போனில்:
“பன்னிரண்டு மைக்ரான் கம்மி. பதினேழும் ரிஜெக்ட்.”

ஸ்பிண்டில் போச்சு என்றார் மெயின்டனன்ஸ் தேசிங்கு.
அவருக்கு எதற்கும் ஸ்பிண்டில்தான் போகும்.

எல்லோரும் சாப்பிடப் போனபின்
கதவைத் தள்ளி டார்ச் அடித்தேன்.
நுனியில் மிளகளவு மாணிக்கம்.
சுத்தமாகத்தான் இருந்தது.
அதுதான் சந்தேகம்.
காலை ஆறு மணிக்கு வளையத்துக்குள் விட்டு
காலிபரேஷன் போட்டபோது
சுத்தமாக இருந்ததா?
அலுமினியத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்து
பிறகு கூலன்ட் பீய்ச்சலில் கழன்றிருந்தால்
இல்லாத அதன் தடிமனை
ப்ரோப் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கும்,
செத்தவருக்கும் சேர்த்து
அரிசி வாங்கும் ரேஷன் அட்டை மாதிரி.

துடைத்தேன். திரும்ப வளையத்தில் விட்டேன்.
ஐந்து மைக்ரான் வீடு வந்து சேர்ந்தது.

அப்புறம் வேகம்.
டார்கெட்டுக்காக நேற்று நான்தான் கூட்டினேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
ஓடிவந்து தொட்டால்
தொட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள்
தாண்டிவிடுகிறது.
தேடித் தொட்டு, பின்வாங்கி,
மெதுவாய் இன்னொரு முறை.
அந்த இரண்டாவதுதான் கணக்கு.
மூன்று மைக்ரான்.

மீதி நாலுக்கு யாரைப் பிடிப்பது?
அளப்பதற்கென்று உலகம் ஒப்புக்கொண்டது இருபது டிகிரி.
எங்கள் வேலூர்ப் பக்கம் அதை
மார்கழி விடியலில் கொஞ்ச நேரம் பார்க்கும்,
அதுவும் போர்வைக்குள்ளிருந்து.
ஷெட்டில் இப்போது முப்பத்தொன்பது.
என்னிடம் விரிந்து கிடப்பது
அவள் அறைக்குப் போனதும் சுருங்கிக்கொள்கிறது.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஷபீனா தெர்மாமீட்டரோடு இறங்கி வந்தாள்.
வளையத்தை உள்ளங்கையில் உருட்டியபடி
விளக்கிக்கொண்டிருந்தேன்.
“முதலில் அதைக் கீழே வை.
கைச்சூட்டுக்கு அதுவும் வளரும்.”
வைத்தேன்.
சூட்டைக் கழித்து எழுதினோம். ஒன்று மிஞ்சியது.
“இது?”
“அது இருக்கும்” என்றாள்.

பதினேழையும் திரும்ப ஏற்றினேன்.
துளை சின்னதாய்ப் போனது நல்லதாப் போச்சு,
பெரிசாகியிருந்தால் காயலான் கடைதான்.

‘காரணம்’ என்ற கட்டத்தில்
வெயில் என்று எழுதினேன்.
இந்த ஊரில் அதற்குக் கையெழுத்துப் போட
யாரும் யோசிக்க மாட்டார்கள்.
பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து,
அதன் கீழே துணுக்கு என்று எழுதினேன்.
அதற்கும் கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில்,
வேகம்: நான்.