நூற்றில் ஒன்று

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
டயர்க்கடை மாடியில் என் பட்டறை.
லாரி போகும்போதெல்லாம்
நான் நட்ட தென்னைகள் ஆடும்.
காற்று என்று வைத்துக்கொள்வேன்.

விற்காத அடுக்குமாடிகளை
நீச்சல்குளத்தோடு செய்து கொடுத்தவள்.
இந்த முறை துறைமுகம் கேட்டார்கள்.
எது என்று சொல்லமாட்டேன்,
விசாரணை முடியவில்லை.

நூற்றில் ஒன்று:
முப்பத்திரண்டடி வள்ளம் பத்து சென்டிமீட்டர்.
மூன்றரை மீட்டர் அலைக்கு
ஒரு தீப்பெட்டியின் அகலம்.
ஆள், என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம்.

அலைத்தடுப்புக்கு நாலுகால் கற்கள்
ஆயிரத்து இருநூறு.
குலசேகரத்தில் பல் கட்டும் லேபில் வாங்கிய பிளாஸ்டரில்
நானும் ஜெபினும் மூன்று வாரம் வார்த்தோம்.
அடுக்கி முடித்ததும்
கடைவாய்ப் பற்கள் நெருக்கிய தாடை போலிருந்தது.
பொறியாளருக்கு மிகவும் பிடித்தது.

எதுவும் சுருங்கும் என் கையில்.
தண்ணீர் மட்டும் மாட்டேன் என்கும்.
ஒரு துளியை விட்டுப் பாருங்கள்,
துளியாகவே உட்காரும்
வள்ளத்தின் மேல் கண்ணாடிக் கூடாரம் போல.
அதனால் ரெசின்.
நீலம் ஒரு சொட்டு, பச்சை இரண்டு, நுரைக்குப் பஞ்சு.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
விடியும்வரை காவல் இருந்தேன்,
ஆனி மாதக் கடலில் ஒரு கொசு விழாமல்.
விழுந்தது.
நூற்றில் ஒன்று என்றால் அது ஒரு சூரைமீன்,
கிடக்கட்டும் என்றான் ஜெபின்.

சரிபார்க்கச் சாட்சியைக் கூட்டி வந்தார்கள்.
ததேயுஸ்.
ஏழு பேர் போன வள்ளத்தில்
திரும்பி வந்த இருவரில் ஒருவர்.
மேசையை இரண்டு சுற்று சுற்றினார்.
ஐஸ் பிளாண்டைத் தொட்டு
இது இன்னும் கொஞ்சம் வடக்கே என்றார்.
பிறகு குனிந்து
அலைவாயில் கண்ணை வைத்தார்,
வள்ளத்தில் இருப்பவன் பார்க்கும் உயரத்தில்.
அவர் மூச்சு கடல்மேல் படிந்து
மெல்ல மறைந்தது.

"வெள்ளம் நல்லா செய்திருக்கு பிள்ளே.
இத ஒண்ணு எடுத்து மாற்ற முடியுமா?
காரியம் அடியில கெடக்கு."

அடியில் ஒன்றும் கிடக்கவில்லை.
ஒட்டுப்பலகை. அதன்மேல் நீலச்சாயம்.
இறுகிப்போச்சு, எடுக்க முடியாது என்றேன்.
"அப்பம் அறுக்கணும்."

கடலை அறுக்க நான்கு பிளேடு தேய்ந்தது.

மூன்று சாயங்காலம் வந்தார்.
மாவுச் சல்லடையில் சலித்த மண்ணை
நனைத்துக் கொடுத்தேன்.
விரல்நுனியால் கூட்டினார், வழித்தார், கூட்டினார்.
"இஞ்ச கூடும். ஆடியில பின்னயும் கூடும்.
தோண்டுனோம்னு கணக்கு எழுதினது அந்தப் பக்கம்."
வாய்க்குக் குறுக்கே
தூங்கும் மாட்டின் முதுகு போல ஒன்று எழும்பியது.
அலை இறங்கும் மட்டத்தை அவர் காட்ட
நரம்பில் வள்ளத்தைத் தொங்கவிட்டேன்.
லாரி போனது.
அது ஆடி நின்றது.

ஆட்களை எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை.
ஏழு பேரும் ஒரு மாத்திரை டப்பாவில் இருந்தார்கள்.
போகும்போது அதைக் கையில் எடுத்தார்,
மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கி
இருந்த இடத்திலேயே வைத்தார்.

அறுத்த கடல் இப்போது
சுவரில் சாய்ந்து நிற்கிறது, சூரைமீனோடு.
பட்டறையில் ஆடாத பொருள் அது ஒன்றுதான்.
டயர்க்கடைக்காரர் விலை கேட்கிறார்.

நாகர்கோவிலில், ஆட்சியர் அலுவலகத்தில்,
துணியை விலக்கியதும் முதல் கேள்வி:
"கடல் எங்கே?"

பொறியாளர் என்னைப் பார்த்தார்.
நான் ததேயுஸைப் பார்த்தேன்.
அவர் சட்டைப்பையைத் துழாவி
ஒரு ரூபாய்த் துட்டை எடுத்து
வள்ளத்துக்கும் மண்ணுக்கும் நடுவில்
நுழைக்கப் பார்த்தார்.