பதினொன்றாம் தொட்டி

கன மீட்டருக்கு எண்பது கிலோ.
ஸ்டெய்ன்வோர் பலகையில் எழுதிவிட்டுப் போனதைச்
சாப்பாட்டு இடைவேளையில் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு குஞ்சு பன்னிரண்டு கிராம், விரல் நீளம்.
தலைக்கு ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீர்.
அதிலேயே தின்று, அதிலேயே கழிந்து,
அதிலேயே வளர்ந்தாக வேண்டும்.

நாங்களும் கன்டெய்னர் வீட்டில் ஆறு பேர்.
ஒருத்தர் புரண்டால் ஐந்து கட்டில் கிறீச்சிடும்.
அதனாலோ என்னவோ கேட்டுவிட்டேன்,
கொஞ்சம் தளர்த்தினால் என்ன?

அவள் சிரிக்கவில்லை.
"பதினொன்று காலி. எடுத்துக்கொள், போகுமிலா."

பத்தில் ஒரு பங்குதான் விட்டேன்.
ஐஸ்லாந்தின் இந்த வடக்கு ஓரத்தில்
டிசம்பர் வெளிச்சம் மூன்று மணி நேரம்;
அதையும் அந்தத் தொட்டியருகே செலவழித்தேன்.
பூமிக்கடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்து விழும் நீரில்
நின்று, யோசித்து, திரும்பின குஞ்சுகள்.
என் ரொட்டி அன்று ருசியாக இருந்தது.

பிளெய்க்யா என்று இங்கே இந்த மீனுக்குப் பெயர்.
வெளிறியது என்று அர்த்தமாம்.
இரண்டாம் வாரம் சில கறுத்தன.
நோய் என்று நினைத்தேன்.
தோற்றவை கறுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்?

நீர் விழும் வாயை ஒன்று பிடித்துக்கொண்டது.
தீனி அங்கேதான் விழும்.
கிட்டே வந்தவற்றின் வாலைக் கடித்தது;
கடிபட்டது தன்னிலும் சிறியதைத் தேடிப் போனது.
விளிம்போரம், வடிகாலோரம்,
கிழிந்த துடுப்போடு பட்டினி கிடந்தன கறுப்புகள்,
அவ்வளவு இடம் இருந்தும்.

எடை போட்டோம்.
பதினொன்றில் பெரியது நாற்பத்தொன்று, சிறியது ஒன்பது.
நெரிசல் பிதுங்கும் ஏழாம் தொட்டியில்
எதை எடுத்தாலும் இருபத்தைந்து, இருபத்தாறு.
யாரைக் கடிப்பது என்று தெரியாத கூட்டம்
எதிர்நீச்சலில் ஒரே பக்கம் முகம் வைத்துச்
சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி சேர்த்துவிடலாம் என்றேன்.
திங்கட்கிழமை, என்றாள்.

சனி இரவு பம்பு நின்றது.
மணி அடித்து, பூட்ஸ் மாட்டி,
பனியில் நான் ஓடி வந்து சேர
பதினேழு நிமிடம்.
ஏழின் மேல்பரப்பு முழுக்க வெள்ளை வயிறு.
விளக்கொளியில் வலையால் அள்ள அள்ள
அதே எடை, அதே எடை.

பதினொன்றில்
கடித்ததும் இருந்தது, கடிபட்டதும் இருந்தது.
மூச்சு எல்லாவற்றுக்கும் மிச்சமிருந்தது.

திங்களன்று ஸ்டெய்ன்வோர் பலகையைத் துடைத்தாள்.
இன்ஷூரன்ஸ்காரனிடம் போனில் பேசிக்கொண்டே
சுண்ணக்கட்டியை என் பக்கம் நீட்டினாள்.

ஓர் எண் எழுதினேன்.
ஈரக்கை பட்டுப் பாதி அழிந்தது.
மேலேயே திரும்ப எழுதினேன்,
வேறோர் எண்.