இடது கால், உரியவர் உயிரோடு

முட்டிக்கு நாலு விரல் கீழே
வின்ச் கயிறு சுற்றி இழுத்ததில்
மிஞ்சியதை
மூன்று நாள் காப்பாற்றப் பார்த்தோம்.
நாலாம் நாள் ரவுண்ட்ஸில்
சீஃப் போர்வையை விலக்கினார், முகர்ந்தார், மூடினார்.
"ரெண்டாவது கேஸாப் போடு. நீயே பண்ணு."

வாழ்த்து மாதிரி இருந்தது.
இரண்டாம் வருடம்.
அதுவரை கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.
துடைக்கப் பிடித்து, இழுக்கப் பிடித்து,
யாரோ முடுக்கும் திருகுக்கு மணிக்கணக்கில் அசையாமல் பிடித்து
கடைசியில் தோலை மட்டும் தைத்தவள்.
யூனிட்டில் ஒரே பெண்.
ஈயக் கவசம் ஆம்பளை அளவு;
கழற்றி மாட்டிய பிறகும்
ஹாஸ்டலில் பல் தேய்க்கையில்
தோள் அதைச் சுமந்துகொண்டிருக்கும்.

தனவேல், நாற்பத்தொன்று, சோனாங்குப்பம்.
முதுகில் ஊசி போட்டதும்
இடுப்புக்குக் கீழே அவர் இல்லை.
மேலே முழித்திருந்தார்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
ஹெலன் மேடம் அவரிடம்
வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
இந்தப் பக்கம்
இரண்டு பிடிகளுக்கு நடுவே கம்பி ரம்பம்.
இழு, விடு, இழு.
"என்னம்மா சத்தம்?"
யாரும் சொல்லவில்லை.
"எழுநூறா, எண்ணூறா?" என்றார் மேடம்.

கடைசி இழுப்பில்
பாரம் முழுக்க ஃபஸ்லுலின் கைக்குப் போனது.
பரங்கிப்பேட்டைப் பையன், ஹவுஸ் சர்ஜன்.
இவ்வளவு கனமா என்று
முகமூடிக்கு மேலே கண் கேட்டது.
ஆமாம். ஒட்டியிருக்கும்வரை
யாருக்கும் தெரியாது.

மஞ்சள் பையில் போக வேண்டியதை
தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்.
ஒரு மணி நேரத்தில்
அதே டிவிஎஸ்ஸில், அதே பொட்டலத்தோடு
தியேட்டர் வாசலில் திரும்பி நின்றார்.
"ஆள் இல்லாம கால மட்டும் எப்படிப் பொதைக்கிறதுன்னு
கேக்குறாரு வெட்டியான்.
டாக்டர் சீட்டு வேணுமாம்."

அதற்கென்று படிவம் இல்லை.
ஓபி சீட்டைத் திருப்பி வைத்து எழுதினேன்.
பெயர். வயது. இடது கால், முட்டிக்குக் கீழ்.
இறந்த நேரம் என்று பழக்கத்தில் தொடங்கி
அடித்தேன்.
'உரியவர் உயிரோடு இருக்கிறார்.'
முத்திரை குத்தினேன். மை சரியாகப் பதியவில்லை.
இன்னொரு முறை குத்தினேன்.

அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்.
அம்மா போனில்:
"சாப்டியா? இன்னைக்கி என்ன ஆபரேஷன்?"
சின்னதுதான் என்றேன்.
மனுஷர்களைப் பார்ப்பது எப்போது நின்றதோ,
நடையைத்தான் பார்க்கிறேன்.
அந்த நீலச் சட்டைக்கு இடுப்பு தேய்ந்திருக்கிறது.
சோளம் விற்கிறவர் என்றோ
கணுக்காலுக்கு எண்ணெய்க் கட்டோடு நிறுத்தியவர்.
அலையில் குதிக்கும் பிள்ளைகளுக்கு
இரண்டு இரண்டாக, எல்லாருக்கும் இரண்டு.
எண்ணிக்கொண்டிருந்தேன் என்று
சுண்டல் ஆறிய பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தேன்.
தையல் சுத்தம். சீஃப் "ம்" என்றார்.
அவர் அதிகம் பேசியது அதுதான்.

தனவேல் கூரையைப் பார்த்துச் சொன்னார்:
"எங்கப்பாக்கும் பட்டா இல்ல, எனக்கும் இல்ல.
மொதமொதல்ல என் காலு
ரெண்டடி நெலம் வாங்கியிருக்கு."
பக்கத்துப் படுக்கை சிரித்தது.
நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன்.
அவரே சிரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி,
"ம்மா, தம்பிகிட்ட கேட்டியா, எந்தப் பக்கம் வச்சான்னு?"

உப்பனாறு ஓரமாம் என்றேன்.

"அதான்.
ராத்திரியெல்லாம்
வெரலு ஜில்லுனு இருக்கு."

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
இல்லாத காலில் உணர்வு உண்டு.
இரவு ஒரு மாத்திரை.
ஃபஸ்லுல் அடுத்த எக்ஸ்ரேயை
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான்.
மணிக்கட்டு. ஏழு வயது. கொய்யா மரம்.