ஈரமானி

நான் சுவர்களைக் கேள்வி கேட்பவன்.
இரண்டு ஊசி, ஒரு சின்னத் திரை,
ஒன்பது வோல்ட் பேட்டரி.
சுவர் பொய் சொல்லாது.
பெயிண்ட் சொல்லும்.

டன்டீ நகரம், பிப்ரவரி, காலை பத்தேகால்.
மூன்றாம் மாடி. படிக்கட்டு விளக்கு எரியவில்லை
(குறித்துக்கொண்டேன்).
தீர்ப்பாயத்தின் தலைவி முதலில் நுழைகிறார்,
பின்னால் நான்,
எனக்கும் பின்னால் வீட்டுக்காரரின் ஏஜென்ட்
ஆர்ச்சி பெட்ரி, தோல் கையுறையைக் கழற்றாமல்.
வீட்டுக்காரர் வரவில்லை.
அவர் இருக்குமிடத்தில் இப்போது வெயிலாம்.

இஷ்பெல் ராட்ரே கதவோரம் நிற்கிறாள்.
பிஸ்கட் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
இன்னும் படுக்கவில்லை. இமையில் மாவு.
"டீ போடட்டுமா?" என்று தொடங்கியவள்
பெட்ரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறாள்.
கெட்டிலின் ஆவி நாளைக்குச் சாட்சி சொல்லும்.

பெட்ரியின் கடிதம் அப்படி:
குடியிருப்பவர் சமைக்கிறார்.
குடியிருப்பவர் துணி உலர்த்துகிறார்.
குடியிருப்பவரும் மகனும் மூடிய அறையில்
இரவு முழுக்க மூச்சு விடுகிறார்கள்.
ஆகவே ஈரம்.

முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை
எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன்.
"எனவே மூச்சை நிறுத்திக்கொள்ளவும்" என்று
ஒருவர்கூட முடித்ததில்லை.
அந்த மட்டில் நெஞ்சில் ஈரம் இருக்கிறது.

படுக்கையறை பளிச்சென்று இருந்தது.
முந்தாநாள் அடித்த வெள்ளை, வாசனை போகவில்லை.
பெட்ரி சுவரைப் பார்க்காமலே சொன்னார்:
"பார்த்தீர்களா?"

ஊசியை வைத்தேன்.
திரை சிவந்தது. கருவி கத்தியது.
கையை எடுத்த பிறகுதான் ஓய்ந்தது.

அலமாரியை நகர்த்துவது என் வேலை அல்ல.
நகர்த்தினேன்.

பெயிண்டர் சோம்பேறி, இல்லை நேர்மையானவர்.
அலமாரி மறைத்த அளவுக்குச் சுவரை
அப்படியே விட்டிருந்தார்.
கறுப்பு. ஓரத்தில் பச்சை.
ஒவ்வொரு பூஞ்சைத் திட்டைச் சுற்றியும் பென்சில் கோடு,
கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு,
அதற்கும் வெளியே இன்னொன்று.
எல்லாவற்றிலும் கோணல் எழுத்தில் தேதி:
அக்டோபர் 4.
அக்டோபர் 19.
நவம்பர் 2, இன்று பள்ளி இல்லை, இருமல்.
டிசம்பரில் ஒரு திட்டுக்கு
நாடு மாதிரி பெயரே வைத்திருந்தது.

"ஸ்ட்ரூவன்," என்றாள் இஷ்பெல். "ஏழு வயசு.
வளருதுன்னு சொன்னா யாரும் நம்பலை.
அதான் அளந்து வச்சான்."

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சித்திரம் இருந்தது.
சுவர், விரல் பட்டதும் உதிர்ந்தது.

காரணத்தைத் தேடி அலையவில்லை.
ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன்.
கூரை விளிம்பில் மழைநீர்க் குழாய் வெடித்திருந்தது,
வெடிப்பில் ஒரு செடி, இடுப்பளவு.
நாலைந்து வருடமாக நிம்மதியாக வளர்ந்திருக்கிறது.
அந்தக் கட்டடத்தில்
காலி செய் என்று யாரும் மிரட்டாத ஒரே குடித்தனம்.

"மாசம் தவறாம வாடகை கட்டினேன்," என்றாள்.
"நிறுத்தினா வெளியே போகணும்னாங்க.
கட்டினது தப்பா?"

இரு தரப்பும் நிற்கும்போது
நான் பதில் சொல்லக் கூடாது. விதி.
ஊசியைத் துடைத்தேன்.
துடைத்த ஊசியையே மறுபடி துடைத்தேன்.

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு சொல் உண்டு:
பொறுக்கத்தக்க தரம்.
வீடு அதற்குக் கீழே இறங்கக் கூடாது.
பொறுக்க வேண்டியது யார் என்று
எந்தப் பிரிவிலும் நான் பார்த்ததில்லை.

காருக்குள் வந்து உட்கார்ந்தேன்.
கண்ணாடி மங்கியது. என் மூச்சுதான்.
சட்டைக் கையால் துடைத்தேன்,
துடைத்த இடத்தில் பெட்ரி போனில் பேசிக்கொண்டு நடந்தார்.

பதினோராம் நாள் உத்தரவு போனது.
குழாயை மாற்று. சாந்தைப் பெயர்த்துப் பூசு.
கெடு ஆறு வாரம்.
செய்யாவிட்டால் வாடகை குறையும், கொஞ்சமல்ல.
பிற்சேர்க்கையில், என் அளவுகளுக்கு முன்னால்,
பென்சில் கோடுகளின் படம்.
அளந்தவர் என்ற இடத்தில் என்ன போடுவது என்று
தலைவி கொஞ்சம் யோசித்தார்.
பெயரையே போட்டோம்.

ஆறாவது வாரம் மறுபடி போவேன்.
புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.