போன ஃபிரேமின் குதிரை

டண்டீ. நவம்பர். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
டே ஆற்றுப் பாலத்தின் விளக்குகளை
மூடுபனி ஒவ்வொன்றாகத் தின்கிறது.
மூன்றாம் மாடியில் கேட்ரியோனா கெடிஸ்
நூற்றுப் பதினேழாவது முறையாக
ஒரு குதிரையை வேறொரு பாலத்தில் ஏற்றுகிறாள்.

நூற்றுப் பதினாறு முறை அது ஒழுங்காகக் கடந்தது.
இம்முறை
நடுப்பாலத்துக் கல்லுக்குள் முழங்கால்வரை இறங்கி,
பிறகு கழுத்து, பிறகு பிடரி,
பிறகு ஒன்றுமில்லை.
ஏறிவந்தவன் மட்டும் காற்றில் உட்கார்ந்து
கடிவாளம் பிடித்தபடி போகிறான்.

பெட்டி வந்த நாளில் கேக் வெட்டினார்கள்.
ஒரு மூளைக்குப் பதில் ஏழு என்றார் முதலாளி,
ஏழு மடங்கு மழை, ஏழு மடங்கு படை.
அதில் ஆறு பேர்
ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியோடு
தனித்தனி அறையில் இருப்பவர்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
இருநூற்று ஐம்பத்தாறு கிலோபைட்.
அதற்குமேல் ஊசி வைக்க இடமில்லை.
வேண்டியதைக் கேட்டு வாங்கி, முடித்து, திருப்பி அனுப்ப
முப்பத்து மூன்று மில்லிசெகண்ட்.

ஊர் கூடினால் தேர் நகரும், சரி.
ஒரே வடத்தை இரண்டு பேர்
ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்?

தவறைப் பிடிக்க ஒரு வரி சேர்த்தாள்:
குதிரையின் உயரத்தை அச்சிடு.
குதிரை விழவில்லை.
வரியை எடுத்தாள். விழுந்தது.
பார்த்தால் சாது, திரும்பினால் கள்ளன்.
"வரியை அப்படியே விட்டு விற்றுவிடுவோம்"
என்றான் இன்னஸ்.
யாரும் சிரிக்கவில்லை,
எல்லாரும் அதைத்தான் நினைத்திருந்தார்கள்.

பூட்டுப் போட்டுப் பார்த்தாள்.
ஒருவன் குதிரையைத் தொடும்போது மற்றவன் நிற்கட்டும்.
நின்றார்கள்.
ஏழு பேரும் ரேஷன் கடை வரிசையாய் நின்றார்கள்.
நொடிக்குப் பதினெட்டு ஃபிரேம்;
மழை திக்கித் திக்கிப் பெய்தது.

பதினொன்றரை. கடைசிப் பேருந்து போய்விட்டது.
ரேடியேட்டர்மேல் யாருடையதோ ஈரக் கையுறை.
வெள்ளைப் பலகையில் இரண்டு குதிரை வரைந்தாள்,
இரண்டும் ஆடு மாதிரி இருந்தன.
இது போன கணத்துக் குதிரை:
எல்லாரும் பார்க்கலாம், யாரும் தொடக்கூடாது.
இது வரும் கணத்துக் குதிரை:
ஒருவன் மட்டும் எழுதலாம், யாரும் பார்க்கக்கூடாது.
கணம் முடிந்ததும் இரண்டும் பெயர் மாற்றிக்கொள்ளும்.

"அப்போது, இப்போதைய குதிரை?"
"அப்படி ஒன்று இல்லை, இன்னஸ்.
அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை."

விடியும்வரை ஆயிரம் முறை கடந்தது.
ஆயிரத்து ஒன்றாவதை அவள் பார்க்கவில்லை,
கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள்.