பதினோரு ஓட்டு

சுங்கை செனாரி என்று ஒரு தொகுதி இருந்தது.
ஆறு இருக்கிறது. பஸ் நிற்கிறது.
தொகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

புது வரைபடத்தில் கோடு
மூன்றாம் டிவிஷனுக்குள் புகுந்து போகிறது,
பேனா பிடித்தவர் தும்மினாற்போல.
முன் லயத்து அப்பளசாமி வடக்கே போனார்,
பின் லயத்தில் அவர் மகள் தெற்கே.
நடுவில் ஒரு சாக்கடை, இரண்டு பப்பாளி.

இதன் சரித்திரத்தை யாரும் எழுதவில்லை.
பூத்து மேசையில் அடிக்கோல் வைத்துப்
பெயர்களை அடித்துக்கொண்டிருந்தவள் நான்.
தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுபத்தாறில் ஒய்.பி. செத்துப்போனார்.
அவர் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்பார்
கோப்பிக்கடை ஆ சொங்.
இடைத்தேர்தல் வந்தது. கூடவே தார் வந்தது,
கோயில் வளைவு வரைக்கும்.
ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில்
உருளை வண்டி திரும்பிவிட்டது.
இன்றும் அங்கே மோட்டார் ஒரு துள்ளு துள்ளும்.
அந்த இடத்துக்குப் பெயரே ரிசல்ட்.
"ரிசல்ட்ல இறங்கணும்" என்றால்
டிரைவருக்குத் தெரியும்.

எண்பத்தாறில் பதினோரு ஓட்டில் ஜெயித்தோம்.
அந்தப் பதினோரு பேர் யார் என்று கேளுங்கள்,
அறுபது பேர் கை தூக்குவார்கள்.
வலி எடுத்த பிறகும் வரிசையில் நின்ற காளீஸ்வரி.
கண்ணாடியை மறந்துவந்து
எதிர்ச் சின்னத்தில் பெருக்கல் போட்ட சவரிமுத்து,
அவரும்தான்.

பிறகு கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
செம்பனைக்கு இத்தனை கை வேண்டாம்.
தாமானுக்குப் போனவர்கள்
அடையாளக் கார்டில் முகவரியை மாற்றினார்கள்.
லயத்தில் இப்போது லோம்போக் பையன்கள்:
எங்கள் ஒழுகல் கூரை அவர்களுக்கு உண்டு,
ஓட்டு இல்லை.

அறிவிப்பு மாவட்ட அலுவலகத்தில்
முப்பது நாள் காற்றாடிக்குக் கீழே படபடத்தது.
ஆட்சேபிக்க நூறு கையெழுத்து.
காப்சாய் மோட்டாரில் அலைந்தேன்,
பசார், ஆஸ்பத்திரி, ஒரு கல்யாண வீட்டுப் பந்தி.
தொண்ணூற்று நாலு.

மிச்சம் ஆறு பேர்
பட்டியலில் இருந்தார்கள்,
ஆற்றோர இடுகாட்டிலும் இருந்தார்கள்.
"நீயே போட்டுடும்மா, யாரு பாக்கப் போறா?"
என்றான் என் மகன்.
பேனாவைத் திறந்தேன்.
காளீஸ்வரியின் கையெழுத்து எனக்குத் தெரியும்,
சம்பளத் தாளில் எத்தனை தடவை பார்த்தது,
கடைசி எழுத்தைக் கொக்கிபோல் இழுப்பாள்.

மூடிவிட்டேன்.
அப்பளசாமி இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

போன தேர்தலில் வேறு பள்ளிக்கூடம்.
குமாஸ்தாப் பெண் என் பெயரை
உரக்க, தப்பாக வாசித்தாள்.
பெரட்டில் சொல்வதுபோல் வாயில் வந்தது: "இருக்கேன்."

திரும்பும் பஸ்ஸில்
எனக்கு முன்னால் ஒரு லோம்போக் பையன்
மணியை அடித்து "ரிசல்ட்" என்றான்.
அவன் பின்னால் இறங்கினேன்.