காமா ஆறு உடைகிற வாரம்

பெர்ம் நகரில் ஏப்ரல் என்றால்
கணுக்கால் வரை சேறு.
ஐந்து மாதப் பனிக்கடியிலிருந்து
ஒற்றைக் கையுறைகள், யாரோ தொலைத்த சாவி,
நவம்பரில் நாங்கள் கொடுத்த துண்டுப்பிரசுரம்,
எழுத்தெல்லாம் கரைந்து.

நான்காம் மாடி ஜினாயிதா அர்காத்யெவ்னா,
குளிர் முழுக்கக் கதவிடுக்கில்
"வேண்டாம்" மட்டும் சொன்னவள்,
இன்று சங்கிலியைக் கழற்றினாள்.
"நெட்டையா இருக்கே, உள்ளே வா."

சன்னல் இடுக்கில் ஒட்டிய காகிதத்தை
நானும் ஹாட்லியும் நகத்தால் சுரண்டினோம்.
அடைத்த பஞ்சை உருவினோம்.
மனப்பாடம் செய்த ரஷ்ய வாக்கியம்
பல்வரை வந்தது.
கையை உயர்த்தினாள்: சும்மா இரு.

திறந்த சன்னலில்
ஆற்றுப் பனிக்கட்டி முறியும் சத்தம்.

எவ்வளவு நேரம் நின்றோமோ.
எங்கள் சபையில் விலக்கிய தேநீர்
மூன்று கோப்பையிலும் ஆறியது,
அவளுடையதும்.